கழிக்க வேண்டிய ஓர் அங்குலம்

முதல் நாள் வகுப்பில் பெயர் கூப்பிட்டபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஹாஸ்கின்ஸ், ரோண்டா" என்றார் பிக்ஃபோர்ட் சார். நான் கையைத் தூக்கினேன். அடுத்தது "ஹாஸ்கின்ஸ், ட்வைலா." பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. நகத்தில் இளஞ்சிவப்புப் பூச்சு, மணிக்கட்டில் மெல்லிய சங்கிலி. முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. என் புருஷன் வெண்டலின் முதல் பெண்டாட்டி.

"ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?" என்று சார் அப்பாவியாகக் கேட்டார்.

"இல்ல சார்," என்றாள் ட்வைலா. "ஒரே கடையில சாமான் வாங்கினவங்க. நான் மொதல்ல, இவ அப்புறம்."

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

விவாகரத்து ஆகிப் பல வருஷம் ஆன பிறகுதான் நான் வெண்டலைக் கட்டிக்கொண்டேன். சட்டப்படி பார்த்தால் அவள் எனக்குச் சக்களத்திகூட இல்லை. ஆனால் வயிறு சட்டமா படித்திருக்கிறது? பெயரையாவது மாற்றிக்கொண்டாளா என்றால் அதுவும் இல்லை. "லைசென்ஸ்லேர்ந்து பேங்க் கார்டு வரைக்கும் மாத்தணும், யாரு அலையறது?" என்பாளாம். அவள் சோம்பேறித்தனத்துக்கு நான் தபால்காரனிடம் தினமும் "இது எனக்கு வந்ததில்லை" என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஐடஹோவில் ரோட்டு வேலை நடக்கும் இடங்களில் பலகை பிடிப்பது என் பிழைப்பு. ஒரு பக்கம் சிவப்பு, 'நில்'. மறுபக்கம் ஆரஞ்சு, 'மெதுவாகப் போ'. ஜூலை வெயிலில் தார் கொதிக்கும். பீட்ரூட் லாரிக்காரன் ஹாரன் அடித்துவிட்டு என் அம்மாவை இழுப்பான். இத்தனை வருஷம் நின்றதில் இரண்டு முழங்காலும் போய்விட்டன. டாக்டர், "இனிமே உக்காந்து பாக்கற வேலையாப் பாருங்க" என்றார். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு நாற்காலி. மாவட்டச் சாலை ஆபீஸில் வரைபடம் போடும் அறையில் ஓர் இடம் காலியானது. அதை எங்கள் சமுதாயக் கல்லூரியில் சிவில் டிராஃப்டிங் படிப்பவர்களில் ஒருவருக்குத்தான் கொடுப்பார்கள், கடைசி வரைபடத்தை வைத்து. அந்த நாற்காலியை நான் கனவில்கூடச் சுழற்றிப் பார்த்திருக்கிறேன்.

ட்வைலா பல் டாக்டர் ஆபீஸில் வரவேற்பு மேசையில் இருப்பவள். அவளுக்கு ஏற்கெனவே ஒரு நாற்காலி இருக்கிறது, ஏசியும் இருக்கிறது. அப்புறம் இங்கே என்ன வேலை? கேட்டால், "வாய்க்குள்ள பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு" என்றாள்.

சும்மா சொல்லக் கூடாது, கை இருந்தது அவளுக்கு. நான் கம்ப்யூட்டரில் ஒரு சாலையின் நடுக்கோட்டைப் போட்டு முடிப்பதற்குள் அவள் சாலையையும் ஓரச் சாக்கடையையும் போட்டு, எழுத்துகளை வரிசையாக நிறுத்திவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சார் அவள் தாளைச் சுவரில் ஒட்டுவார். என் தாளை எடுத்து, "நல்லாதான் இருக்கு ரோண்டா, ஆனா கொஞ்சம் மூச்சு முட்டுது" என்பார். எனக்குத்தான் மூச்சு முட்டியது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வரைந்தவர் தன் தப்பைத் தானே பார்க்கக் கூடாது; தாள் இன்னொருவர் கைக்குப் போகும். அவர் ஒவ்வோர் எண்ணையும் சரிபார்த்து, சரியானதற்கு மஞ்சள் பூச வேண்டும், தப்பானதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். நிறம் படாத எண் ஒன்று இருந்தாலும் சார் தாளைத் திருப்பி எறிவார். கடைசியில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் நம் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும். யாருடைய தாள் யாரிடம் போகும் என்பதை சார் வருகைப் பதிவின் வரிசைப்படி முடிவு செய்வார். ஆக, வருஷம் முழுக்க அவள் தாள் எனக்கு, என் தாள் அவளுக்கு.

நான் அவள் தாளில் தாராளமாகச் சிவப்பு போட்டேன். புள்ளி விட்டுப் போனால் சிவப்பு, அம்புக்குறி சாய்ந்தால் சிவப்பு. அவள் திருத்திக்கொண்டு இன்னும் அழகாகக் கொண்டுவருவாள். நான் தேய்க்கத் தேய்க்க அவள் பளபளத்தாள். என் எரிச்சலில் அவள் தேறிக்கொண்டிருந்தாள் என்பது புரிந்தபோது இன்னும் எரிந்தது.

கடைசி வரைபடத்துக்கு ஊருக்கு வெளியே கால்வாய் ரோட்டில் இருக்கும் கான்கிரீட் சிறுபாலத்தைக் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய் அளந்து வரைய வேண்டும். பிறகு தாள் மாற்றிச் சரிபார்க்க வேண்டும். அதன்பின் சாலை ஆபீஸின் பொறியாளர் அம்மாள் தன் டேப்போடு அங்கேயே வந்து தாள்களை ஒத்துப் பார்ப்பார்.

சிவில் வரைபடத்தில் அங்குலம் கிடையாது. அடியைப் பத்தாகவும் நூறாகவும் பிரித்துத்தான் எழுதுவோம். அப்படிப் பிரித்த டேப் கல்லூரியில் ஒன்றுதான் உருப்படியாக இருந்தது. அதை நான் வியாழக்கிழமையே கையெழுத்துப் போட்டு எடுத்துவிட்டேன். அளக்க ஒரு மத்தியானம் போதும். ஆனாலும் திங்கட்கிழமை வரை கார் டிக்கியிலேயே வைத்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

"நான் வேணா கூட வந்து ஒரு முனையப் புடிச்சுக்கவா?" என்று வெண்டல் கேட்டான். அவன் முப்பது வருஷத் தச்சன்.

"ஒண்ணும் வேணாம். புருஷன் அளந்து குடுத்தான்னு நாளைக்கு ஒன் மொதப் பொண்டாட்டி ஊரெல்லாம் சொல்லுவா."

டேப்பின் முனையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு, முழங்கால் முனக, நானே அளந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவள் தாள் என் சமையலறை மேசைக்கு வந்தது. கோடுகள் அவ்வளவு சுத்தம். கண்ணில் ஒத்திக்கொள்ளலாம் போல இருந்தது, அதுதான் கோபம். சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் அளவுகளோடு ஒப்பிட ஆரம்பித்தேன். பாலத்தின் திறப்பு எனக்கு 6.00 அடி, அவளுக்கு 6.08. ஆகா என்றது மனசு. உயரம் எனக்கு 4.50, அவளுக்கு 4.58. பக்கச் சுவர் எனக்கு 9.25, அவளுக்கு 9.33. சந்தோஷம் மெதுவாக நின்றுபோனது. தப்பு என்றால் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். இது எல்லா இடத்திலும் ஒரே அளவு கூடியிருந்தது. அடியில் நூற்றில் எட்டு. அதாவது, ஓர் அங்குலம்.

அந்த அங்குலத்தை எனக்குத் தெரியும். அது என் வீட்டு அங்குலம்.

வெண்டலின் டேப் இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு சர்ச் கூரையிலிருந்து விழுந்தது. முனைக் கொக்கி ஒடிந்து, முதல் அங்குலமும் கிழிந்துபோனது. பிடிவாதக்காரன், தூக்கிப் போட மாட்டான். ஒன்று என்ற கோட்டை விளிம்பில் வைத்து அளப்பான். அப்போது படிக்கிற எண் உண்மையைவிட ஓர் அங்குலம் கூடுதலாக இருக்கும். அவன் ஏணியிலிருந்து அதை அப்படியே கத்துவான். நான் கீழே எழுதும்போதே ஒன்றைக் கழித்துக்கொள்வேன். முதல் தடவை மறந்துபோனதில்தான் எங்கள் சமையலறை அலமாரிக் கதவு இன்றுவரை மூடுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிக் கொடுத்த புது டேப் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

ஆக, என் புருஷன் அந்தப் பாலத்துக்குப் போயிருக்கிறான். அவளோடு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். உதட்டுச்சாயம் ஒட்டிய சட்டையைப் பிடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அதற்காவது ஊரில் எல்லாரும் என்னோடு சேர்ந்து அழுவார்கள். 6.08 என்று சொல்லி யாரிடம் அழுவது?

வெண்டல் சாப்பிட உட்கார்ந்தான். பொரித்த இறைச்சித் துண்டும் உருளைக்கிழங்கும் அவன் தட்டில் வைத்தேன். வைத்தேன் என்ன, போட்டேன்.

"சனிக்கிழமை மத்தியானம் எங்க போன?"

"மரக்கடைக்கு."

"மரக்கடைக்கு அப்புறம்?"

முள்கரண்டி நின்றது. "கால்வாய்ப் பக்கம்."

"யாரோட?"

"தெரிஞ்சுக்கிட்டுத்தானே கேக்கற. அவ கூப்பிட்டா, போனேன். காலேஜ் டேப்ப யாரோ எடுத்துட்டுப் போய்க் குடுக்கவேயில்லையாம்." என்னையே பார்த்தான். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன். "நான் உள்ள எறங்கி அளந்து நம்பரச் சொன்னேன், அவ மேல நின்னு எழுதிக்கிட்டா. அரை மணி நேரம். வந்துட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இப்படி ஆகும்னுதான்."

"மகராசன்! சொல்லாமலேயும் ஆயிடுச்சு பாரு. சரி, அந்த இன்ச்சச் சொன்னியா அவகிட்ட?"

"எந்த இன்ச்சு?"

நான் ட்வைலாவின் தாளை அவன் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தேன். பார்த்தான். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"அடக் கடவுளே. நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போயிருக்கேன். கழிக்கிறது ஒன் வேலையாச்சே, ரோண்டா. எனக்கு ஞாபகமே வரல."

என் கோபம் அடுத்து என்ன சொல்ல வந்தோம் என்பதையே மறந்துபோய் ஒரு நிமிஷம் நின்றது. அவன் அதற்குள் போனை எடுத்துவிட்டான்.

"வை அத கீழ," என்றேன். "இந்த வீட்லேர்ந்து அவளுக்கு ஒரு போனும் போகாது. நான் சொல்லிக்கறேன். செவப்புப் பேனா எங்கிட்டதான் இருக்கு."

அவன் வைத்துவிட்டான்.

அவன் எழுந்து போன பிறகு நான் மஞ்சள் மார்க்கரை எடுத்து மூடியைத் திறந்தேன். திறந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசிவிட்டால் பொறியாளர் அம்மாள் அங்கே டேப்பை வைப்பார், ஓர் அங்குலம் உதைக்கும், நாற்காலி எனக்கு. ஆனால் 'சரிபார்த்தவர்' கட்டத்தில் என் பெயரல்லவா வரும்? தப்பான பாலம் ஒன்றுக்குக் கீழே என் பெயர் நிற்பதை நினைத்தால் குமட்டியது. ட்வைலா மேல் இருந்த எரிச்சலைவிட அது ஒரு பிடி கூடுதலாக இருந்தது. எல்லா அளவுக்கும் சிவப்பு வட்டம் போட்டேன், பேப்பர் கிழிகிற அளவுக்கு அழுத்தி.

மறுநாள் வகுப்பில் ட்வைலா தாளைப் பிரித்தாள். அம்மை போட்ட மாதிரி இருந்தது அது.

"என்னடி இது? ஒரு நம்பரக்கூட விடலயா?"

"எல்லாத்துலயும் ஒரு இன்ச்சு கூட. கழிச்சுடு."

"எல்லாத்துலயுமா! யாரு காதுல பூ சுத்தற? நீ கல்ல வெச்சு அளந்தியாம். எனக்கு அளந்து குடுத்தது முப்பது வருஷ அனுபவம்."

"அந்த அனுபவம் எந்த வீட்ல தூங்குதுன்னு எனக்குத் தெரியும், தாயே."

"ஓகோ!" என்று குரலை உயர்த்தினாள். பக்கத்து மேசைக்காரர்கள் மவுஸை நகர்த்துவதை நிறுத்திவிட்டார்கள். "அதான் இவ்ளோ செவப்பா? அப்பச் சரி. இது பாலத்துக்குப் போட்ட செவப்பு இல்ல, எனக்குப் போட்டது."

"அவன் டேப்புல கொக்கி இல்ல ட்வைலா. ஒடஞ்சு போச்சு. ஒண்ணுலேர்ந்துதான் அளப்பான்."

"பன்னெண்டு வருஷம் அந்த டேப்பப் பாத்தவ நான். கொக்கி இருக்கு."

"இருந்துச்சு."

"போடி. மொதல்ல டேப்ப ஒளிச்சு வெச்ச, இப்ப நம்பரக் கெடுக்கப் பாக்கற. நாளைக்கு மத்தியானம் அந்த இன்ஜினியரம்மா வர்ற வரைக்கும் எனக்குப் பல் டாக்டர்கிட்ட வேலை, மறுபடி போய் அளக்க முடியாதுன்னு தெரிஞ்சுதானே இப்பச் சொல்ற? நான் எதையும் மாத்தறதா இல்ல."

தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த நாலு பேர் சிரித்தார்கள். பொறாமைக்காரி உண்மையைச் சொன்னால் அதற்கு என்ன மதிப்பு என்று அன்றைக்குப் பார்த்தேன்.

ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் மனசு ஒரே கும்மாளம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, சிவப்பில், எழுத்துமூலமாக. கேட்காதது அவள் தலையெழுத்து. நாற்காலி இனி எங்கே போகும்? காபி போடும்போது பாட்டுக்கூட வந்தது.

வெண்டல் வந்தான். "சொன்னியா?"

"சொன்னேன்."

"கேட்டாளா?"

நான் கோப்பையைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய கோப்பை.

மேசையில் போன் கிடந்தது. அதைப் பார்த்தான், எடுக்கவில்லை. நான் வேண்டாம் என்று சொன்னதால் எடுக்கவில்லை. கத்தியால் பென்சிலைச் சீவ ஆரம்பித்தான். எடுத்திருந்தால் ஒரு மூச்சு சண்டை போட்டிருப்பேன். இது என்ன நியாயம், இப்படிச் சும்மா உட்கார்ந்து பென்சில் சீவினால் மனுஷி என்ன செய்வாள்? பாதிப் பென்சில் தீர்ந்துபோன பிறகு என்னால் தாங்க முடியவில்லை.

"எடுத்துத் தொலை," என்றேன். "கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு."

மணி அடித்தவுடனே எடுத்தாள். அவ்வளவு சீக்கிரம் எடுப்பானேன்?

"ட்வைலா, ரோண்டா எழுதினது அத்தனையும் சரி," என்றான் வெண்டல். "எல்லா நம்பர்லயும் ஒரு இன்ச்சக் கழிச்சுடு."

"நீயா தப்பா அளந்த?"

"அளந்தது சரிதான். சொன்னதுதான் தப்பு. கொக்கி ஒடஞ்சதுலேர்ந்து நான் ஒண்ணு கூடத்தான் சொல்றது, ரோண்டா கழிச்சு எழுதிக்குவா. அப்படியே வாய் பழகிப் போச்சு. அன்னிக்கு எதிர்ல நிக்கறது நீங்கறதே எனக்குத் தோணல."

போன் கட்டாகிவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"சரி," என்றாள் ட்வைலா. வைத்துவிட்டாள்.

நான் ஒரு தாள் முழுக்கச் சிவப்பில் கதறினேன், நம்பவில்லை. அவன் ஒரு வார்த்தை சொன்னான், நம்பிவிட்டாள். எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது.

அடுத்த நாள் பொறியாளர் அம்மாள் ரப்பர் பூட்ஸோடு பாலத்தில் இறங்கினார். நாங்கள் எல்லாரும் கரையில் நின்றோம். பல பேர் தாள் அங்கேயே மடங்கியது. கடைசியில் இரண்டு தாள் மிஞ்சின, இரண்டிலும் ஹாஸ்கின்ஸ். 6.00, 4.50, 9.25. இரண்டும் சரி. அம்மாள் இரண்டையும் தன் வண்டியின் பானெட் மேல் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

"ரெண்டுமே பிசகில்ல," என்றார். "ஆனா இந்தத் தாள மட்டும் எங்க ஆளுங்க ரோட்ல நின்னுகிட்டே படிச்சிருவாங்க." ட்வைலாவின் தாளை எடுத்துக்கொண்டார்.

ரோட்டில் நின்றுகொண்டு! யாரிடம் சொல்கிறார் ரோட்டில் நிற்பதைப் பற்றி? கத்த வேண்டும் போல இருந்தது. கைதட்டினேன், எல்லாரும் தட்டினார்களே என்று. காரில் ஏறி உட்கார்ந்தபின்தான் அழுகை வந்தது. என் நாற்காலி. என் சிவப்புப் பேனாவாலேயே அவளுக்குத் துடைத்துப் போட்டுக் கொடுத்த நாற்காலி.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். ட்வைலா. இறக்கினேன்.

"நன்றி சொல்ல வந்தியா? வேணாம், போயிடு."

"நன்றி சொல்ல வரல," என்றாள். நகப்பூச்சு ஒரு விரலில் உரிந்திருந்தது. "பன்னெண்டு வருஷம் அவன் சொல்லச் சொல்ல எழுதினவ நான். ஒரு நாளாவது என்னை நெனச்சுக்கிட்டு வேற யாருகிட்டயாவது அவன் வாய் தவறியிருக்குமான்னு நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சுப் பாத்தேன். இல்ல. வேலை கெடச்சிருச்சு, சந்தோஷமாத்தான் இருக்கணும். ஒன்னப் பாத்தா வயிறு எரியுது."

"நல்லா எரியட்டும்," என்றேன். மனசார.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நான் மூக்கைச் சிந்திவிட்டு வண்டியை எடுத்தேன். வீட்டில் வெண்டல் மூடாத அந்த அலமாரிக் கதவைக் கழற்றி வைத்துக்கொண்டு அளந்துகொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்தான். "பதினாறே கால்" என்றான். பென்சிலை எடுத்துப் பதினைந்தே கால் என்று எழுதினேன்.

ஜூன் மாதம் நான் மறுபடியும் ரோட்டில் நின்றேன், பலகையோடு. தூரத்தில் சாலை ஆபீஸின் வெள்ளை வண்டி வந்தது. ஓட்டி வந்தவளுக்குக் கறுப்புக் கண்ணாடி, புதுத் தொப்பி. பலகையைச் சிவப்புப் பக்கம் திருப்பினேன்.

வண்டி என் முன்னால் வந்து நின்றது. ட்வைலா தலையை வெளியே நீட்டினாள்.

"எதிர்ல ஒரு வண்டிகூட வரலயேடி!"

"வரும்."

"எப்போ?"

"வரும்போது சொல்றேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுச் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். மேலே வெயில் கொளுத்தியது, எதிரே ரோடு வெறிச்சென்று கிடந்தது. முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. தெறிக்கட்டும் என்று பலகையைத் திருப்பாமல் நின்றேன்.